ஓடை எங்கே? மாணவர் வலைப்பதிவுக்கும் பாட்காஸ்டுக்கும் ஓர் எளிய விளக்கம்

டிஜிட்டல் ஊடகப் பாடம் நடக்கும் வகுப்பில் 'ஆளுக்கொரு பாட்காஸ்ட் செய்து கொண்டுவாருங்கள்' என்று சொன்னால் என்னென்ன வந்து சேரும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். பென் டிரைவில் ஓர் எம்பி3 கோப்பு வரும். வாட்ஸ்அப்பில் பதினான்கு நிமிடக் குரல் பதிவு வரும். இருவர் பெரிய மைக்குகளுக்குப் பின்னால் அமர்ந்து பேசும் யூடியூப் காணொளி வரும்; அந்த மைக்குகளில் ஒன்றின் கம்பி எதிலும் செருகப்பட்டிருக்காது. ஒருமுறை ஒரு மாணவி குறுந்தகடு கொடுத்தார். அவருடைய அண்ணன் படித்த காலத்தில் அப்படித்தான் கொடுத்தாராம்.

எல்லாம் உழைத்துச் செய்தவைதான், சில கேட்கவும் நன்றாக இருந்தன. ஆனால் ஒன்றுகூடப் பாட்காஸ்ட் ஆகவில்லை. 'உன் ஓடை எங்கே?' என்று கேட்டால் வகுப்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பேச்சைப் பதிவுசெய்தால் பாட்காஸ்ட், எழுத்தை இணையத்தில் ஏற்றினால் வலைப்பதிவு என்றுதான் பாடத்திட்டம் எழுதுகிறவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் சில காலம் அப்படி நினைத்தவன்தான். இரண்டுக்கும் அடியில் ஒரே இயந்திரம் ஓடுகிறது. அது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக இடம்பிடித்து உட்கார்ந்துவிடும்.

ரேஷன் கடைப் பலகை

வீட்டுக்குப் பொருள் வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. பால்காரர் விடியற்காலையில் தாமே வந்து வாசலில் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிறார். அவருக்கு உங்கள் வீடு தெரியும். வெளியூர் போவதானால் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ரேஷன் கடை உங்களைத் தேடி வராது. அதன் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும்: அரிசி உண்டு, பாமாயில் உண்டு, சர்க்கரை இல்லை. வீட்டிலிருந்து ஒரு பையனை அனுப்பி, 'பலகையில் புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா, பார்த்துவிட்டு வா' என்பார்கள். நேற்று இல்லாத வரி ஒன்று இருந்தால் பையை எடுத்துக்கொண்டு இன்னொரு நடை.

மின்னஞ்சல் பால்காரர் வகை. வலைப்பதிவும் பாட்காஸ்டும் ரேஷன் கடை வகை. 'சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்தியதும் நிகழ்ச்சி நடத்துகிறவர் நம் பெயரைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் நமக்கு அனுப்பிவைக்கிறார் என்று பலர் நம்புகிறார்கள். அவருக்கு நம் பெயரும் தெரியாது, மின்னஞ்சல் முகவரியும் தெரியாது. நம் கைபேசியில் இருக்கும் செயலிதான் அந்தப் பையன். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது போய்ப் பலகையைப் பார்க்கிறது. புதிய வரி இருந்தால் நமக்குச் சொல்கிறது, அல்லது பொருளையே எடுத்துவந்து வைத்துவிடுகிறது.

இணையத்தில் அந்தப் பலகைக்குப் பெயர் 'ஃபீட்'. தமிழ் வலைப்பதிவர்கள் அதை ஓடை என்று அழைத்தார்கள். எனக்குப் பிடித்த சொல், அதையே இங்கே பயன்படுத்துகிறேன். ஒரு தளத்தில் புதிதாக வந்தவை என்னென்ன, அவை எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லும் பட்டியல் கோப்புதான் ஓடை.

பலகையில் அரிசி இருக்காது, அரிசி உள்ளே கிடங்கில் இருக்கும். அதுபோல ஒலிக்கோப்பு ஓடைக்குள் இருப்பதில்லை. அது வேறொரு கணினியில், அதாவது வழங்கியில், கிடக்கிறது. 'என் நிகழ்ச்சியை ஆப்பிளில் ஏற்றிவிட்டேன்' என்று மாணவர்கள் சொல்லும்போது நான் இடைமறிப்பது இதனால்தான். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் நாம் கொடுப்பது ஓடையின் முகவரியை மட்டுமே. எந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதிவைத்த விலாசப் புத்தகம் அது. நம் நெல் அவர்கள் களஞ்சியத்தில் இல்லை.

இதுவரை வந்தவை மூன்று: பலகையாகிய ஓடை, கிடங்காகிய வழங்கி, பையனாகிய செயலி. ஒலிக்கோப்பு மட்டும் இருந்து பலகை இல்லையென்றால் அது பூட்டிய கிடங்கில் கிடக்கும் மூட்டை. பென் டிரைவில் வந்தது அதுதான்.

பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்கும் ஏதேனும் ஒரு தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அழகான பக்கம் மறைந்து, கோண அடைப்புக்குறிகள் நிறைந்த எழுத்துக் காடு ஒன்று வரும். பயப்பட வேண்டாம், அதுதான் ஓடை. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் உள்ள தளங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் தருவது ஆர்எஸ்எஸ் என்ற வடிவம், பிளாகர் வழக்கமாகத் தருவது ஆட்டம் என்ற பங்காளி வடிவம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு தேவையில்லை.

இரண்டுமே எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுதப்படுகின்றன. சமையலறை அலமாரியில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால், 'மிளகாய்த் தூள்', 'மல்லித் தூள்' என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவோம் அல்லவா? ஒவ்வொரு தகவலின் முன்னும் பின்னும் அது என்ன தகவல் என்று சீட்டு ஒட்டி எழுதுவதுதான் எக்ஸ்எம்எல். மனிதர் கண்ணுக்கு அலுப்பாக இருக்கும், கணினிக்கு அதுதான் வசதி.

ஓடையின் தலைப்பகுதியில் நிகழ்ச்சியின் பெயர், விளக்கம், மொழி, படம். அதன்கீழ் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தொகுதி: தலைப்பு, சுருக்கம், வெளியான தேதி, ஓர் அடையாள எண். அடையாள எண் என்பது குடும்ப அட்டை எண் மாதிரி. தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தலாம், விளக்கத்தை மாற்றி எழுதலாம், எண் மட்டும் மாறக்கூடாது. பையன் 'இது புதிது, இது நேற்றே பார்த்தது' என்று பிரித்தறிவது அந்த எண்ணை வைத்துத்தான்.

இங்கே வருகிறது நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் இடம். வலைப்பதிவின் ஓடைக்கும் பாட்காஸ்டின் ஓடைக்கும் அடிப்படையில் ஒரே ஒரு வரிதான் வேறுபாடு. அலுவலகக் கடிதத்தின் அடியில் 'இணைப்பு: 1' என்று எழுதுகிறோமே, அந்த வரி. ஆர்எஸ்எஸ்ஸில் அதற்கு 'என்குளோஷர்' என்று பெயர். அதில் மூன்று தகவல்கள்: ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு, அது என்ன வகைக் கோப்பு. வலைப்பதிவின் ஓடையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அதே ஓடை பாட்காஸ்ட் ஆகிவிடுகிறது. எழுத்தும் ஒலியும் தனித்தனித் துறைகள் என்று நினைத்து வந்த மாணவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும். 'இவ்வளவுதானா ஐயா?' என்று ஒருவர் கேட்டார். ஆமாம், இவ்வளவுதான்.

நள்ளிரவில் போன பையன்

ஆர்எஸ்எஸ் 1999இல், இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அப்போது அதற்கு ஒலியோடு எந்தத் தொடர்பும் இல்லை, தளங்களின் தலைப்புச் செய்திகளைத் திரட்டுவதற்கான ஏற்பாடு அது. ஒலி சேர்ந்ததற்குக் காரணம் அன்றைய இணையத்தின் வேகம். ஒரு பாட்டைத் தரவிறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் பாதிதான் வந்திருக்கும். எம்டிவி தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி, மென்பொருள் எழுத்தாளர் டேவ் வைனரிடம் ஒரு யோசனை சொன்னார். நாம் தூங்கும்போது கணினி விழித்திருந்து கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், காலையில் 'புதிது வந்திருக்கிறது' என்று சொன்ன கணமே கேட்கலாமே! இணையத்தின் வேகத்தைக் கூட்டாமலேயே காத்திருப்பை ஒழிக்கும் தந்திரம் அது. வைனர் 2000ஆம் ஆண்டு இறுதியில் ஆர்எஸ்எஸ் 0.92 என்ற பதிப்பில் என்குளோஷர் வரியைச் சேர்த்தார்.

பலகையில் அந்த வரிக்கு இடம் கிடைத்துவிட்டது. எழுதத்தான் ஆளில்லை. 2003இல் வானொலிப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் லைடன், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்தில் இருந்தபோது, தாம் எடுத்த நேர்காணல்களைத் தம் வலைப்பதிவில் ஏற்றினார். வைனரும் அப்போது அங்கேதான் இருந்தார். நேர்காணல்கள் ஓடையின் வழியே போயின. பாட்காஸ்ட் பிறந்தது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு வலைப்பதிவின் மடியில். அந்த நேர்காணல்கள் வெளிவந்தபோது 'பாட்காஸ்ட்' என்ற சொல் இன்னும் உருவாகவில்லை. 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இந்தப் புதிய வழக்கத்தை என்ன பெயரால் அழைக்கலாம் என்று சில பெயர்களை எழுதிப் பார்த்தார். அவற்றில் ஒன்று இது. ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியான ஐபாடின் 'பாட்', ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வால். ஐபாட் காணாமல் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே 2004இல் ஆடம் கரி ஐபாடர் என்ற சிறு நிரலோடு வந்தார். ஓடையைப் பார்த்து, கோப்பை இறக்கி, ஐபாடுக்குள் போட்டுவிடும் முதல் பையன்களில் ஒருவன் அது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளின் 4.9 பதிப்பில் பாட்காஸ்டுகளைச் சேர்த்தது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் என்று அறிவித்தது.

சுருக்கமாக: பட்டியலுக்காகப் பிறந்த ஓடையில் 2000இல் ஒலிக்கு ஒரு வரி கிடைத்தது, 2003இல் குரல் கிடைத்தது, 2004இல் பெயர் கிடைத்தது, 2005இல் கூட்டம் கிடைத்தது.

நூறு பலகைகள், ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள், நாற்பது வலைப்பதிவுகள் என்றால் ஆசிரியர் தினமும் நாற்பது தளங்களுக்குப் போய்ப் பார்க்க முடியுமா? ஒரே ஒரு பையனை அனுப்பி, எல்லாக் கடைப் பலகைகளையும் பார்த்து ஒரே நோட்டில் எழுதிவரச் சொன்னால் போதும். அந்த நோட்டுக்குப் பெயர் திரட்டி.

தமிழில் பழைய வலைப்பதிவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அப்படிப்பட்ட திரட்டிதான். எங்கெங்கோ இருந்து எழுதியவர்களின் ஓடைகளைப் படித்து, புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டியது. இடுகைகள் தமிழ்மணத்தில் இல்லை, அவரவர் தளத்திலேயே இருந்தன. தமிழ்மணத்தின் முகப்பில் தலைப்பைப் பார்த்து, சொடுக்கி, எழுதியவரின் வீட்டுக்கே போய்ப் படித்தார்கள்.

இதே கருத்தை ஒரு பல்கலைக்கழகப் பாடத்தின் முதுகெலும்பாக வைத்தவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார். டிஜிட்டல் கதைசொல்லல் என்ற அந்தப் பாடம், அதன் எண்ணாலேயே டிஎஸ்106 என்று புகழ்பெற்றது. ஜிம் குரூம் அதை நடத்தினார். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் மென்பொருளுக்குள் கட்டுரையைச் சமர்ப்பிக்கவில்லை. ஆளுக்கொரு டொமைன், அதாவது இணையத்தில் தம் பெயரில் ஒரு முகவரி, எடுத்துக்கொண்டார்கள். அதில் தாமே வேர்ட்பிரஸை நிறுவினார்கள். படமோ ஒலியோ எழுத்தோ, செய்த பயிற்சியை அங்கேயே வெளியிட்டார்கள். பாடத்தின் பொதுத்தளம் ஃபீட்வேர்ட்பிரஸ் என்ற செருகுநிரலால் எல்லோருடைய ஓடைகளையும் இழுத்துவந்து ஒரே பக்கத்தில் காட்டியது.

2011இல் அந்தப் பாடத்தை ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். யாரும் விண்ணப்பிக்க வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஓடை முகவரியைக் கொடுத்தால் நீங்களும் வகுப்பில் ஒருவர். புதிதாக ஒருவர் சேர்ந்தால் நோட்டில் ஒரு விலாசம் கூடுகிறது, அவ்வளவுதான். டிஎஸ்106 வானொலி என்று இணைய வானொலி ஒன்றையும் நடத்தினார்கள். பின்னர் 2013இல், அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு எல்லாம் சொந்த டொமைன் வழங்கும் திட்டமாக இது விரிந்தது.

என்னைக் கவர்ந்தது இதில் உள்ள உரிமை. நம் ஊரில் செயல்திட்ட அறிக்கையை ஸ்பைரல் பைண்டிங் செய்து துறைத்தலைவர் அறை அலமாரியில் வைத்துவிட்டு வருகிறோம். அங்கே மாணவரின் வேலை மாணவரின் வீட்டிலேயே இருந்தது. கல்லூரி எட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டது. படிப்பு முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

செயல்திட்டம் எங்கே உடைகிறது

மாணவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் பேச்சிலோ இசையிலோ இல்லை. ஒலிப்பதிவை அவர்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து பேசினால் இரைச்சலும் எதிரொலியும் குறையும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு மாணவர்தான். உடைவது பலகையில்.

முதலாவது கோப்பின் எடை. பதிவுசெய்த வேவ் கோப்பை அப்படியே ஏற்றுகிறார்கள். குறுந்தகட்டுத் தரத்தில் சுருக்காத இருதட (ஸ்டீரியோ) ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். இருபது நிமிடப் பேச்சு 200 எம்பி. அதையே ஒருதட (மோனோ) எம்பி3 ஆக, நொடிக்கு 64 கிலோபிட் என்று சுருக்கினால் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். பேசும் குரலுக்கு அது போதும். கேட்கிறவர் பஸ்ஸில் உட்கார்ந்து தன் டேட்டாவைச் செலவழித்துக் கேட்கிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது, கோப்பைக் கூகுள் டிரைவ் போன்ற பகிர்வுச் சேமிப்பகத்தில் போட்டு அதன் பகிர்வு முகவரியை என்குளோஷர் வரியில் எழுதுவது. அந்த முகவரி கோப்புக்குப் போவதில்லை, கோப்பைக் காட்டும் ஒரு பக்கத்துக்குப் போகிறது. மனிதர் என்றால் அங்கே இருக்கும் பொத்தானை அழுத்துவார். பையனுக்குப் பொத்தான் தெரியாது. மூட்டை கிடைக்கும் என்று போனவன் கடை போர்டின் புகைப்படத்தோடு திரும்பி வருகிறான்.

ஓடையைக் கையால் எழுதிப் பார்த்த ஒரு குழுவுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. இரவெல்லாம் ஒன்றும் வேலை செய்யவில்லை, எல்லா அத்தியாயமும் மாயம். காரணம், ஒரு தலைப்பில் இருந்த 'டீ & பன்'. எக்ஸ்எம்எல்லில் & என்ற குறிக்குத் தனிப் பொருள் உண்டு, அதை அப்படியே எழுதக்கூடாது. ஒரு குறி பிசகினால் மொத்தப் பலகையும் வாசிக்க முடியாததாகிவிடும். தேநீருக்கு அன்று இவ்வளவு விலை. வேர்ட்பிரஸ் போன்ற கருவிகள் இதைத் தாமே திருத்திக்கொள்கின்றன என்பதால், கையால் எழுதுவதை ஒருமுறை பயிற்சியாகச் செய்தால் போதும்.

அடையாள எண்ணை மாற்றிவிடுவது இன்னொரு வகை. தளத்தை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றும்போது எண்கள் புதிதாகிவிட்டால், எல்லாப் பழைய அத்தியாயங்களும் கேட்பவரின் கைபேசியில் புதிதுபோல் வந்து குவியும்.

இவற்றையெல்லாம் மறுநாள் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. பலகையில் ஒரு வரியை அழித்தாலும், அதற்குள் எடுத்துக்கொண்டு போனவர்கள் வீட்டில் அரிசி இருக்கத்தான் செய்யும். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவிடம் 'காலேஜ் பாடத்துக்காக' என்று சொல்லிவிட்டு அவர் கடன் கதையைப் பதிவுசெய்து ஓடையில் விட்டால், பின்னால் அவர் வேண்டாம் என்றால் திரும்ப அள்ள முடியாது. 'உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், அழித்தாலும் அழியாமல் போகலாம்' என்று அவருக்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகே மைக்கை நீட்ட வேண்டும். இதற்கு மட்டும் நான் மதிப்பெண்ணில் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படியானால் யூடியூபில் வருவது?

இது சண்டையாகிவிடும் கேள்வி. இருவர் உட்கார்ந்து பேசும் நீண்ட காணொளியையும் இன்று பாட்காஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். சொற்கள் மக்கள் பக்கம் போகும், இலக்கணம் பேசி நிறுத்த முடியாது. ஆனால் வகுப்பறையில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இதே நிகழ்ச்சியை, நடத்துகிறவரிடம் கேட்காமல், வேறொரு நிறுவனத்தின் செயலியில் கேட்க முடியுமா? முடிந்தால் அதற்கு ஓடை இருக்கிறது. முடியாவிட்டால் நீங்கள் இருப்பது இன்னொருவரின் கடைக்குள், அவர் கதவைச் சாத்தினால் உங்கள் கதையும் உள்ளே.

ஓடை இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, பாட்காஸ்ட் கேட்க உதவிய கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த நிறுவனத்தின் பையன்கள் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். பலகைகள் இருந்த இடத்தில் இருந்தன. வாசகர்களும் நேயர்களும் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போய்விட்டார்கள்.

இப்போதெல்லாம் செயல்திட்டத்துக்கு நான் கேட்பது ஒரு வரி மட்டும்: ஓடை முகவரி. அதை என் செயலியில் சேர்த்துக்கொள்வேன். கேட்டுவிட்டு மதிப்பெண் போடுவேன். பல மாணவர்கள் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிடுவார்கள், சிலருடைய டொமைன் அடுத்த ஆண்டு கட்டணம் கட்டாமல் காலாவதியாகும். நான் எதையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. போன மார்கழியில் ஒரு நாள் காலை, மூன்று ஆண்டுக்கு முன் படித்து முடித்துப் போன ஒரு பெண்ணின் ஓடையில் மூன்றாவது அத்தியாயம் வந்து கிடந்தது. பதினொரு நிமிடம். அவருடைய ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் டிராக்டர்களைப் பற்றியது.